நூறில் எழுபது போனால் நூற்றெழுபது: தில்லியில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் படிப்பு

தில்லி முனிர்காவில் ஒரு மாவுக் கடை இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் சேரும். அம்மா கிரைண்டர் பக்கம் நிற்பார். கல்லாவில் எட்டு வயது மகள் உட்கார்ந்திருப்பாள். பாக்கெட் 35 ரூபாய். இரண்டு வாங்கிக்கொண்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், விரல் விட்டு எண்ணாமல் மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்துக் கொடுப்பாள். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, 'குழந்தைகளைக் கவனித்தல்' என்ற பயிற்சிக்காக அந்தக் கடை வாசலில் பல மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் அவளுடைய பள்ளி நோட்டை அம்மா எடுத்துக் காட்டினார். 100 − 70 என்று ஒரு கணக்கு. அதன் கீழே அவள் எழுதியிருந்த விடை 170. மேலே சிவப்பு மையில் பெரிய தவறுக் குறி.

"கடையில எல்லாம் சரியாத்தான் சொல்றா. ஸ்கூல்ல மட்டும் ஏன் இப்படி மக்கா இருக்கா?" என்று அந்த அம்மா கேட்டார். அவருக்கு நிஜமாகவே கவலை.

அந்த 170 எப்படி வந்தது என்று பாருங்கள். பூஜ்யத்தில் பூஜ்யம் போனால் பூஜ்யம். அடுத்த இடத்தில் பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது. சரி, ஏழிலிருந்து பூஜ்யத்தை எடுக்கலாமே, ஏழு. முன்னால் நிற்கும் ஒன்றிலிருந்து எடுக்க எதுவும் இல்லை, எனவே ஒன்று. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்ற ஒரே விதியை அவள் விடாமல் கடைப்பிடித்திருக்கிறாள். 52 − 38 என்ற கணக்குக்கு 26 என்று எழுதும் குழந்தைகளும் இதே விதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அவள் நன்றாகவே யோசித்திருக்கிறாள். கல்லாவில் அவள் கையில் இருந்தது பணம். நோட்டில் இருந்தவை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கிய இலக்கங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை.

காட்டுவது எப்படி? பள்ளியில் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று சொல்லித் தருகிறோம். ஆனால் அங்கே யாரும் கடன் வாங்குவதில்லை, திருப்பித் தருவதும் இல்லை. நடப்பது சில்லறை மாற்றுவது. ஒரு நூறு ரூபாய் நோட்டைப் பத்துப் பத்து ரூபாய் நோட்டுகளாக மாற்று, அதிலிருந்து ஏழை எடு, மீதி மூன்று. மாவுக் கடைப் பெண்ணிடம் 'சில்லறை மாத்திக்கோ' என்று சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு அன்றைக்கே அவளுக்கு வசப்பட்டிருக்கும். ஆனால் அப்படிச் சொல்ல, விடையைத் திருத்துவதற்கு முன்னால் அந்த விடை எந்த வழியில் வந்தது என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும். அந்தப் பார்வை தானாக வராது. அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தில்லியில் நம் ஆட்கள் இருக்கும் இடங்களில், ஆர்.கே.புரம் மலை மந்திர் படியிலோ, மயூர் விஹாரில் ஒரு வளைகாப்பிலோ, என்னைப் பார்த்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "அக்கா, பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிட்டா. சின்னப் பசங்களுக்கு டீச்சரா போகணும்னு சொல்றா. பி.எட். போட்டா போதும்ல?" போதாது. சின்னப் பிள்ளைகளுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. ஆனால் இந்தக் குழப்பத்துக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயர்கள் அப்படி, விதிகளும் அடிக்கடி மாறின.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடுவோம். டி.எல்.எட். என்பது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டுப் பட்டயம். தில்லியில் மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சி மன்றத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் கல்வி பயிற்சி நிறுவனங்களில், அதாவது மோதி பாக், தரியாகஞ்ச், கேசவ்புரம் போன்ற இடங்களில் உள்ள 'டயட்'களில் இதைப் படிக்கலாம். சில தனியார் நிறுவனங்களிலும் உண்டு. பழைய தில்லிவாசிகள் இதை இன்னமும் 'ஜே.பி.டி.', அதாவது 'ஜூனியர் பேசிக் ட்ரெயினிங்' என்பார்கள். ஊரில் இதற்கு நிகரானது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், நம் சித்திகளும் பெரியம்மாக்களும் 'செகண்டரி கிரேடு ட்ரெயினிங்' என்று சொன்னது. பி.எல்.எட். என்பது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகப் பட்டம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் கற்பிப்பதற்கென்றே வடிவமைத்தது. பி.எட். என்பது ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள் படிக்கும் இரண்டு ஆண்டுப் படிப்பு. இரண்டு ஆண்டாக ஆனது 2015 முதல்தான், அதற்கு முன் ஓராண்டு. அதன் நோக்கம் மேல் வகுப்புப் பாட ஆசிரியர்களை உருவாக்குவது.

இந்தக் கடைசிப் படிப்பைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியர் ஆகலாம், வேலையில் சேர்ந்த பிறகு ஆறு மாத இணைப்புப் படிப்பு ஒன்றை முடித்தால் போதும் என்றது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஆகஸ்ட் 11 அன்று வந்த தீர்ப்பு அந்த ரத்தை உறுதி செய்தது. தொடக்கக் கல்வி என்பது வெறும் இலவசக் கல்வியாக இருந்தால் போதாது, தரமான கல்வியாக இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளைக் கையாளும் பயிற்சி பி.எட். படிப்பில் இல்லை, எனவே அது தொடக்க வகுப்புகளுக்குத் தகுதி ஆகாது என்பது அதன் சாரம். அதற்கு முன் முறையாகப் பணியில் அமர்ந்தவர்களை இது பாதிக்காது என்று 2024-ல் விளக்கமும் வந்தது. எம்.ஏ., பி.எட். படித்துவிட்டு வாய்ப்பு இழந்தவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது, அவர்களில் என் தோழிகளும் உண்டு. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்து அறிமுகம் செய்வதும் பதினைந்து வயதுப் பையனுக்கு வேதியியல் நடத்துவதும் வேறு வேறு தொழில்கள்.

நம்மிடம் ஊறிப்போன ஓர் எண்ணம் இருக்கிறது. குழந்தை சின்னதாக இருந்தால் ஆசிரியருக்குக் குறைவாகத் தெரிந்தால் போதும், பெரிதாக ஆக ஆக அதிகம் தெரிய வேண்டும் என்பது. சம்பளம், மரியாதை, படிப்பின் நீளம் எல்லாமே இதை ஒட்டியே அமைந்தன. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியரை 'இடைநிலை ஆசிரியர்' என்று அழைப்பதே இதன் மிச்சம்தான். பிள்ளைகள் இடைநிலையில் இருப்பதால் வந்த பெயர் இல்லை அது. ஆசிரியர் எந்த வகுப்பு வரை படித்துவிட்டுப் பயிற்சிக்குப் போனார் என்பதிலிருந்து வந்தது.

இதை மாற்றும் முயற்சிகள் பழையவை. 1937-ல் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டுக்குப் பின் ஜாகிர் ஹுசைன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஆதாரக் கல்வித் திட்டத்தை அந்தக் குழு தந்தது. அதில் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கைத்தொழிலோடு சேர்த்துப் பாடம் சொல்லித் தர, அதற்கேற்ற ஆசிரியர்கள் வேண்டும் என்று ஜாமியா மில்லியாவில் 1938-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. ஜே.பி.டி. என்பதன் நடுவில் இருக்கும் 'பேசிக்' குறிப்பது இந்த ஆதாரக் கல்வியைத்தான். கொள்கை மறைந்தபிறகும் பெயரில் மட்டும் பல காலம் தங்கியிருந்தது.

பிறகு சட்டோபாத்யாயா குழு, 1983 முதல் 1985 வரை ஆராய்ந்து, பள்ளி முடித்ததும் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக மாவட்டம்தோறும் டயட்கள் வந்தன. ஆனால் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்துப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் செயலானது 1994-ல், தில்லிப் பல்கலைக்கழகத்தில். அங்குள்ள மௌலானா ஆசாத் தொடக்கக் கல்வி மையம், பேராசிரியர் பூனம் பத்ரா போன்றவர்களின் உழைப்பில், பி.எல்.எட். படிப்பை உருவாக்கியது. லேடி ஸ்ரீராம், மிராண்டா ஹவுஸ், கார்கி, ஜீசஸ் அண்ட் மேரி, மாதா சுந்தரி, அதிதி, ஷியாமா பிரசாத் முகர்ஜி, ஹோம் எகனாமிக்ஸ் என்று எட்டுக் கல்லூரிகளுக்கு அது பரவியது.

அந்த நான்கு ஆண்டுகளில் அப்படி என்னதான் படித்தீர்கள், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்க நான்கு வருஷமா என்று என் மாமா ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு அன்று கொடுக்க முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் நாங்கள் பள்ளியில் படித்த கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஒன்றை அரையால் வகுத்தால் ஏன் இரண்டு வருகிறது? பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாகத் திருப்புகிறோம்? பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் உட்பட வகுப்பில் யாருக்கும் பதில் தெரியவில்லை. செய்முறை தெரியும், காரணம் தெரியாது. ஒரு லிட்டர் பாலில் அரை லிட்டர் பாக்கெட் எத்தனை போடலாம் என்று ஒருத்தி கேட்டபோதுதான் எங்களுக்கு விளங்கியது. வகுத்தல் என்றால் பங்கு போடுவது என்று மட்டும் பிடித்து வைத்திருந்தோம். 'எத்தனை முறை அடங்கும்' என்பதும் வகுத்தல்தான் என்று பதினெட்டு வயதில் கற்றுக்கொண்டேன். தனக்கே தெரியாத காரணத்தை ஆசிரியர் எப்படிக் குழந்தைக்குக் காட்டுவார்?

இதோடு குழந்தை வளர்ச்சி, சமகால இந்தியா, மொழியின் இயல்பு என்ற தாள்கள். அப்புறம் நாடகம், மண் வேலை, கைவினை. முதலில் நான் இவற்றை ஒரு பொழுதுபோக்காக நினைத்தேன். நாற்பது பேர் முன்னால் கூச்சமில்லாமல் குரங்காகவும் ரயிலாகவும் மாறத் தெரியாத ஒருவர் ஒன்றாம் வகுப்பில் கதை சொல்ல முடியாது என்று பிறகு புரிந்தது. 'சுய வளர்ச்சி' என்று ஒரு பயிலரங்கும் இருந்தது. நாம் பள்ளியில் வாங்கிய அடிகள், அவமானங்கள், நமக்குள் இருக்கும் சாதி, மதம், நிறம் பற்றிய எண்ணங்கள் எல்லாவற்றையும் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். 'மதராஸி' என்று வகுப்பில் கேலி செய்யப்பட்டதை நான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். அடி வாங்கி வளர்ந்தவர்கள் வகுப்பில் கை ஓங்குவது எளிது. அதைத் தடுக்க இந்த மாதிரி வேலை வேண்டும். சட்டம் போட்டால் மட்டும் போதாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்த பிறகும் அது முற்றாக நிற்கவில்லையே.

இரண்டாம் ஆண்டில் மொழி கற்றல், அறிதல். குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்களான பியாஜேவையும் வைகாட்ஸ்கியையும் படித்தோம். வைகாட்ஸ்கி சொன்ன ஒரு கருத்தை இன்றும் தினமும் பயன்படுத்துகிறேன். குழந்தை தனியாக எதைச் செய்யும் என்பதை மட்டும் பார்க்காதே, கொஞ்சம் கைகொடுத்தால் எதைச் செய்யும் என்று பார். மாவுக் கடைக்குப் போனதும் இந்த ஆண்டில்தான். மூன்றாம் ஆண்டில் கணக்கும் சூழ்நிலையியலும் எப்படிக் கற்பிப்பது, வகுப்பை எப்படி நடத்துவது, பாடப் பொருட்களை எப்படி உருவாக்குவது என்ற படிப்பு. நான்காம் ஆண்டில் பாடத்திட்டம், பாலினமும் பள்ளியும் என்ற தாள்கள், கூடவே ஆராய்ச்சித் திட்டம் ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேலாக மாதக்கணக்கில் பள்ளியில் முழு நேரப் பயிற்சி. நாள்தோறும் காலையில் எழுதிக்கொண்டு போன பாடத் திட்டம் பத்தாவது நிமிடத்தில் கவிழ்ந்துபோகும். இரவு உட்கார்ந்து ஏன் கவிழ்ந்தது என்று எழுத வேண்டும். வழிகாட்டும் ஆசிரியை வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அந்த ஜன்னலோரப் பையன் இன்னிக்கு ஒரு வார்த்தை பேசினானா?" வேறு எந்தக் கேள்வியும் என்னை அவ்வளவு உலுக்கியதில்லை.

தில்லித் தமிழ்க் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மொழி பற்றிய அந்தத் தாள்கள் எனக்குத் திறந்துவிட்ட உலகம் அது.

வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலம். எண்களையே எடுத்துக்கொள்வோம். தமிழில் இருபத்தொன்று, முப்பத்தொன்று, அறுபத்தொன்பது என்று எண்பத்தொன்பது வரை சீராகப் போகும். பத்தைச் சொல், பிறகு ஒன்றைச் சொல், அவ்வளவுதான். தொண்ணூறில் ஒரு திருப்பம். அந்தச் சொல்லுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒளிந்திருப்பது போல. ஹிந்தியில் கதையே வேறு. 59-க்கு 'உன்சட்', அதாவது அறுபதுக்கு ஒன்று குறைவு. 69 'உன்ஹத்தர்', எழுபதுக்கு ஒன்று குறைவு. தமிழ் ஒழுங்கில் எண்ணிப் பழகிய குழந்தை 'உன்சட்' என்று காதில் விழுந்ததும் அறுபதின் ஓசையைப் பிடித்துக்கொண்டு 69 என்று எழுதிவிடும். இது மொழி மாறும் இடத்தில் வரும் தடுமாற்றம். அதைத் தெரியாதவர் 'இதுக்கு நம்பரே தெரியலை' என்று முடிவு கட்டிவிடுவார்.

எழுத்திலும் அப்படித்தான். தமிழில் ஒரே க. ஹிந்தியில் அந்த இடத்தில் ஒலி வேறுபட்ட நான்கு எழுத்துகள். ஹிந்தியில் வீட்டுக்கு உரிய சொல்லை நாலாவது எழுத்தில் தொடங்க வேண்டும். நம் குழந்தை முதல் எழுத்தில் தொடங்கும், அது 'செய்' என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். வாக்கியமே குழம்பும். காது இன்னும் பிரித்துக் கேட்கப் பழகாததைக் கை எப்படிப் பிரித்து எழுதும்? சொல்லித் தர வேண்டிய இடம் காது. நூறு முறை இம்போசிஷன் எழுதச் சொன்னால் கை வலிப்பதுதான் மிச்சம்.

தில்லியில் தமிழுக்கு இடம் தரும் பள்ளிகள் இருக்கின்றன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1920-களில் தொடங்கி, இன்று மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக், பூசா ரோடு, ஆர்.கே.புரம், ஜனக்புரி என்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அரசு ஊழியர் பிள்ளைகளும் வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடங்கள் அவை. ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டபோது, வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வட கோடியில் இருக்கும் நரேலாவில்தான் இடம் கிடைத்தது. நரேலாவில் தமிழ் சொல்லித் தரும் பள்ளி இல்லை. இப்படி ஒரு குழந்தை நடுவில் பெயர்த்து நடப்படும்போது, புதிய வகுப்பில் ஹிந்தி மட்டுமே தெரிந்த ஆசிரியர் முன்னால் அது வாய் மூடிப்போகும். அந்த மௌனத்தைப் 'புத்தி மந்தம்' என்று எழுதிவிடாமல் இருக்க, மொழி கற்றல் பற்றிப் படித்த ஓர் ஆசிரியர் தேவை. அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு மொழியில் கெட்டிக்காரியாக இருக்கும் குழந்தை இன்னொரு மொழியில் ஊமையாகத் தெரியும் என்று அறிந்திருந்தால் போதும்.

இப்போது நடக்கும் மாற்றத்துக்கு வருகிறேன். 2012-ல் நீதிபதி வர்மா ஆணையம் ஆசிரியர் கல்வியின் சீர்கேட்டைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் அறிக்கை தந்தது. பல தனியார் பயிற்சி நிறுவனங்கள் சான்றிதழ் விற்கும் கடைகளாக ஆகிவிட்டன என்ற கவலை அப்போதே இருந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் ஆசிரியர் ஆவதற்கான குறைந்தபட்சத் தகுதி நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமாக இருக்கும் என்றது. அதன்படி ஐ.டி.இ.பி. என்ற புதிய படிப்பு 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2023-24-ல் நாடு முழுவதும் 57 நிறுவனங்களில் தொடங்கியது. சேர்க்கை என்.செட். என்ற தேசிய நுழைவுத் தேர்வு வழியாக. தமிழிலும் எழுதலாம். தில்லிப் பல்கலைக்கழகத்திலும் 2023-ல் அதன் கல்வி மன்றம் இதற்கு ஒப்புதல் தந்தது. பி.எல்.எட். நடந்த எட்டுக் கல்லூரிகளில் மாதா சுந்தரி, ஜீசஸ் அண்ட் மேரி, ஷியாமா பிரசாத் முகர்ஜி ஆகிய மூன்றில் முதலில் வந்தது. பேராசிரியர்களில் ஒரு பகுதியினர் கடுமையாக எதிர்த்தார்கள்.

எதிர்ப்பு ஏன்? புதிய படிப்பும் நான்கு ஆண்டுதானே, அதுவும் பல்கலைக்கழகத்தில்தானே என்று கேட்கலாம். இரண்டுக்கும் அடித்தளம் வேறு. பி.எல்.எட். முழுவதும் தொடக்கக் கல்வி என்ற ஒரே துறைக்குள் நின்றது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள குழந்தை அதன் நடுவில் இருந்தது. ஐ.டி.இ.பி. ஒரு பி.ஏ. அல்லது பி.எஸ்சி. அல்லது பி.காம். பட்டத்தையும் கல்விப் பட்டத்தையும் சேர்த்துக் கட்டியது. மூன்று முதல் எட்டு வயது, எட்டு முதல் பதினொன்று, பிறகு பதினான்கு வரை, அதற்கு மேல் என்று புதிய கொள்கையின் நிலைகளை ஒட்டி ஆசிரியர்களைப் பிரிக்கிறது. இதில் நல்லது ஒன்று உண்டு. மூன்று வயதுக் குழந்தையும் ஆசிரியர் கல்விக்குள் வந்துவிட்டது, இதுவரை பால்வாடி என்று ஒதுக்கியே வைத்திருந்தோம். மேல் வகுப்பு ஆசிரியருக்கும் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கும் ஒரே உயரத்தில் பட்டம் கிடைப்பதும் நல்லதுதான். எனக்கு இருக்கும் பயம் வேறு. இரண்டு பட்டங்களின் சுமையில், அந்த மாவுக் கடை வாசலில் உட்காரும் மாலைகள் அட்டவணையில் இருந்து உதிர்ந்துபோகுமோ என்பது. முப்பது ஆண்டு பரிசோதித்துப் பார்த்த ஒரு படிப்பை, நாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் பரப்புவதற்குப் பதில் ஓரம் தள்ளுவது நியாயமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறிவருகிறது. எனவே சேருகிறவர்கள் அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பை மட்டுமே நம்ப வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் சேர்ந்த கதையை நம்பிப் போகக் கூடாது. இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் பெயர் சொன்ன எட்டுக் கல்லூரிகளும் பெண்கள் கல்லூரிகள். ஆண் பிள்ளைகளுக்குத் தில்லியில் திறந்திருப்பது பெரும்பாலும் பட்டயப் படிப்புதான். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெண்கள் வேலை என்ற எண்ணத்தைப் பல்கலைக்கழகமே உறுதிப்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது. நல்ல ஆண் ஆசிரியர் ஒருவர் ஒன்றாம் வகுப்பில் பாட்டுப் பாடுவதைப் பார்த்திருக்கிறேன், அந்த வகுப்புப் பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய பாடம்.

வேலைக்கு வருவோம். பட்டமோ பட்டயமோ மட்டும் போதாது, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். மத்திய அரசு நடத்தும் சிடெட் 2011-ல் தொடங்கியது. முதல் தாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு. குழந்தை வளர்ச்சி, இரண்டு மொழிகள், கணக்கு, சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகளில் தலா 30, மொத்தம் 150 கேள்விகள். தேர்ச்சிக்கு 60 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு தரலாம். மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் எடுக்கலாம், நம் பிள்ளைகள் பலர் இது தெரியாமல் ஹிந்தியில் தவிக்கிறார்கள். தேர்ச்சிச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று சொன்னது. ஊரில் இருக்கும் இடைநிலை ஆசிரியர்களான நம் சொந்தங்கள் ஏன் ஐம்பது வயதில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

தில்லியில் ஒன்று முதல் ஐந்து வரை உள்ள அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவை மாநகராட்சியுடையவை. மாநில அரசின் சர்வோதய வித்யாலயாக்களிலும் தொடக்க வகுப்புகள் உண்டு. இரண்டுக்கும் ஆள் எடுப்பது டி.எஸ்.எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியம். பத்தாம் வகுப்பு அளவிலாவது ஹிந்தி படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், பிளஸ் டூ வரை ஊரில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். கேந்திரிய வித்யாலயாக்களுக்குத் தனித் தேர்வு. அரசுப் பணியில் தொடக்க ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 35,400 ரூபாயில் தொடங்குகிறது. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் அரசுப் பள்ளிக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 1973-ம் ஆண்டுத் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டம் சொல்கிறது. நான் முதலில் வேலை பார்த்த தனியார் பள்ளியில் அதில் பாதிகூட வரவில்லை. அதைவிட என்னை வாட்டியது, வகுப்பில் சத்தம் கேட்கக் கூடாது என்ற உத்தரவு. ஏழு வயதுக் குழந்தைகள் நாற்பது பேர் சேர்ந்து யோசித்தால் சத்தம் வரத்தான் செய்யும். ஒரு வருடத்தில் வெளியே வந்துவிட்டேன். கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் அளவோ தொடக்க வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள்.

மகளையோ மகனையோ இந்தப் படிப்பில் சேர்க்க நினைப்பவர்கள் கல்லூரிக்குப் போனால் கட்டடத்தையும் ஹாஸ்டலையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதல் ஆண்டிலிருந்தே மாணவிகள் பள்ளிகளுக்குப் போகிறார்களா, கடைசி ஆண்டில் மட்டும்தானா? பயிற்சியின்போது வழிகாட்டும் ஆசிரியர் வகுப்பில் வந்து உட்காருகிறாரா, நோட்டில் கையெழுத்து மட்டும் போடுகிறாரா? குழந்தைகள் செய்த தவறுகளை மாணவிகள் சேகரித்து வைத்திருக்கும் நோட்டு ஒன்றைக் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால், அங்கே சேர்க்கலாம்.

சேருவதற்கு முன் ஒரு வாரம், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளியில் அனுமதி கேட்டு, இரண்டாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். எதுவும் சொல்லித் தர வேண்டாம். தினமும் ஒரு குழந்தையை மட்டும் கவனித்து, அது என்ன செய்தது என்று இரவில் ஒரு பக்கம் எழுதட்டும். ஐந்தாவது நாள் எழுத உட்காரும்போது சலிப்பாக இருந்தால் வேறு படிப்புக்குப் போகலாம், அதில் தப்பே இல்லை. பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதிக்கொண்டிருந்தால், விண்ணப்பம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்க்கத் தொடங்குங்கள்.